எந்தக் கட்சி நோட்டீசு?

1985 தேர்தல் நேரம். முதலியார்பேட்டையில் மில் சங்கு ஊதியதும் பகல் ஷிப்டு ஆட்கள் சைக்கிளோடு முண்டியடித்து வெளியே வந்தார்கள். வாசலோரம் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில், ஒரு கட்டு நோட்டீசோடு நின்றார் காத்தவராயன். நல்ல காரியத்துக்குப் போகிறாரே என்று மனைவி ஜெயம் ஆசையாகத் தேய்த்துக் கொடுத்த உடுப்பு.

அவரும் இந்த மில்லில் தறி ஓட்டியவர்தான். குடி அந்த வேலையைத் தின்றுவிட்டது. குடியை விட்டவர்கள் ஞாயிறுதோறும் கூடிப் பேசும் குழுவில் சேர்ந்த பிறகு, ஒரு வருடத்துக்கு மேலாகச் சொட்டுகூடத் தொடவில்லை. இன்று மற்றவர்களை அழைக்கத் தொண்டராக வந்திருக்கிறார். உண்மையில் அவர் கண் தேடியது பழைய கூட்டாளி கண்ணையனைத்தான். இன்னொரு முறை குடித்துவிட்டு வந்தால் வேலை போய்விடும் என்று கண்ணையனை எச்சரித்திருந்தார்கள்.

“எந்தக் கட்சிண்ணே?” என்றான் ஒருவன்.

“கட்சி இல்லப்பா. குடி குடும்பத்தக் கெடுக்கும். விட்டுடணும்...”

“ஓட்டுப் போடுற வரைக்கும் நல்லாத்தான் பேசுவீங்க!”

கண்ணையனும் வந்தார். “பேச்செல்லாம் அப்புறம் காத்தவராயா, பாட்டில் எங்க?” வாசலே சிரித்தது.

யாருக்கும் புத்தி சொல்லாதே, உன் கதையை மட்டும் சொல் என்று குழுவில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனுஷன் அரை மணி நேரமாகப் புத்திதான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் உறைத்தது.

“பாட்டிலா? எம் பொண்ணு நிச்சயதார்த்தத்தன்னிக்கு முழு போதையில பக்கத்துத் தெரு சாவு வீட்டுல போயி உக்காந்து, மாப்ள எங்கன்னு கேட்டவன்டா நான்!”

சிரிப்பில் சைக்கிள்கள் சரிந்தன. அவரும் சிரித்தார்.

“எம் பொண்ணு மூணு மாசம் எங்கூடப் பேசல. குடியத் தனியா நின்னு விடப் பாத்தேன், முடியல. நாலு பேரோட உக்காந்து பேசினேன், முடிஞ்சுது.”

சிரிப்பு அடங்கியது. கண்ணையன் ஒரு நோட்டீசை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கூட்ட அறையைத் திறக்கும் முன்பே கண்ணையன் மனைவி வசந்தாவோடு வந்து நின்றார். காத்தவராயனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடுத்தெருவிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“வரமாட்டியோன்னு பயந்துட்டேன்டா!”

“குடிய விடுன்னு எனக்குச் சொல்லாதவன் இந்த ஊர்ல இல்ல. நானும் குடிச்சேன், இப்படித்தான் விட்டேன்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான்,” என்றார் கண்ணையன். “விழுந்தவனுக்கு உபதேசம் வேணாம்டா. விழுந்து எழுந்தவன் ஒருத்தன் வந்து கை குடுத்தாப் போதும்.”