சொல்லாமல் விட்ட ஆமென்

இக்னேஷியஸ் டூஹி தன் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷமும் தரைக்கு ஒரு சாண் மேலேதான் இருந்தார். அதனால் அவருடைய காலணிக்கு அடி தேயவேயில்லை. லிமெரிக் நகரத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் கோட்டுப் பைக்கு ஒன்றாகக் கல்லைப் போட்டு வெளியே அனுப்புவார்கள், அவ்வளவுதான். அவரை அப்படித் தொங்கவிட்டவர் கோல்மன் ஜெராட்டி என்ற நடிகர். காரணம் இல்லாமல் இல்லை.

டூஹி நகரத்து நாடக அரங்கின் முதலாளியாக இருந்த காலத்தில் கோல்மனுக்கு முதன்முதலாகக் கதாநாயகன் வேஷம் கிடைத்தது. டூஹிக்கு அதைத் தன் மச்சானுக்குக் கொடுக்க ஆசை. முதல் காட்சியன்று நிலவறையிலிருந்து தொப்பி எடுத்துவரச் சொல்லிக் கோல்மனை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். பிறகு மேடையேறி, "பையன் குடிச்சிட்டு விழுந்து கிடக்கான், மன்னிக்கணும்" என்றார். குடிப்பதில்லை என்று மாதாகோவிலில் சபதம் எடுத்தவர்கள் குத்திக்கொள்ளும் திரு இருதயப் பின்னைக் கோட்டில் குத்தியிருந்தவன் கோல்மன். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஆனால் எங்கள் ஊருக்குக் குடிகாரன் குடித்தான் என்பதைவிடப் பின் குத்தியவன் குடித்தான் என்பதுதானே தித்திக்கும்! முன் வரிசையில் இருந்த அவன் அம்மா டிலியா மறுநாள் காலையில் அவன் கோட்டிலிருந்து அந்தப் பின்னைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவில் போட்டாள். அடுத்த வசந்தத்தில், மகன் குடிகாரன் என்று நம்பியபடியே கண்ணை மூடினாள். துக்க வீட்டுக்கு டூஹி வந்தார், பன்றிக்கறி இரண்டு துண்டு சாப்பிட்டார், கோல்மனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் துக்கத்துல எனக்கும் பங்குண்டு, கோல்மன். இனிமேயாவது அந்தப் பழக்கத்தை விட்டுடுப்பா" என்றார்.

அதன்பிறகு கோல்மனுக்குக் கதாநாயகன் வேஷம் கிடைக்கவேயில்லை. தபால்காரர், ஜப்திக்கு வருகிறவர், ஒருமுறை பிணம். தலை நரைத்ததும் பாதிரியார். தொலைக்காட்சி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைத் தொடரில் ஃபாதர் லாவெல் ஆனார். நாடே அந்த முகத்தைப் பார்த்துத் தேநீர் குடித்தது. ஒருநாள் இறைச்சிக் கடையில் ஃபிலோமினா கியூசாக் என்ற பெண் அவர் கையைப் பிடித்தாள்.

"ஃபாதர், என் நாத்தனார் கோழியைத் திருடினது நான்தான்."

"நான் நடிகன்மா."

"தெரியும் ஃபாதர். சீக்கிரம் மன்னிச்சு விடுங்க, கறி வெட்டியாச்சு."

தொல்லை விட்டால் போதும் என்று தொடரில் மனப்பாடம் செய்திருந்த மன்னிப்பு ஜெபத்தைச் சொன்னார். அவள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, ஆமென் என்றதும் இறங்கி, கறியை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து வரிசை. "என்கிட்ட வர்றவங்களுக்குக் குதிகால்கூட எழும்ப மாட்டேங்குது" என்று பங்குச் சாமியார் ஆயரிடம் புலம்பினார்.

கடைசியில் டூஹியும் வந்தார். இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டப்பகலில், ஒத்திகைக்கு நடுவே, பழைய அரங்கின் ஒப்பனை அறைக்குள் வந்து மண்டியிட்டார். எதிரே இருப்பது கோல்மன் என்றே தெரியாதபடி, தொலைக்காட்சியில் பார்த்த பாதிரியார் முகம் அவர் கண்ணை மறைத்திருந்தது.

"ஃபாதர், கோல்மன்னு ஒரு பையன். நல்ல நடிகன். நான்தான் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்."

"அவன் அம்மா?"

"துக்க வீட்ல சொல்லத்தான் நினைச்சேன். சாப்பாடு நல்லா இருந்துச்சா, அப்படியே விட்டுட்டேன்."

கோல்மன் எதையும் குரலில் காட்டவில்லை. ஜெபத்தை நிதானமாகச் சொன்னார். டூஹி கண்ணீரோடு எழும்பினார், ஒரு சாண். கோல்மன் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டார்.

"ஃபாதர், ஆமென் சொல்லலியே?"

"ஒத்திகையில நாடகத்தோட கடைசி வார்த்தையைச் சொல்லக்கூடாது, ஆகாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, மிஸ்டர் டூஹி."

டூஹி அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"அப்ப... எப்ப சொல்லுவே, கோல்மன்?"

"முதல் காட்சி அன்னைக்கு. எங்கம்மா முன் வரிசையில வந்து உக்காந்ததும்."

பாதிரியார் என்றால் பாவமன்னிப்பில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. கோல்மன் நடிகர். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரை டப்பாப் பின் அவர் கோட்டில் இருந்தது. டூஹிக்காக ஆயரே வந்து ஆமென் சொல்லிப் பார்த்தார், ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

டூஹி இறந்தபோது பெட்டியைத் தூக்க ஆள் தேவைப்படவில்லை, பிடித்துக்கொள்ளத்தான் தேவைப்பட்டது. துக்க வீட்டுக்குக் கோல்மன் வந்தார், பன்றிக்கறி இரண்டு துண்டு சாப்பிட்டார், மச்சானின் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துல எனக்கும் பங்குண்டு" என்றார். குழிமேட்டில் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். டூஹியின் கல்லறைக்குப் பெரிய கல்லாகப் பார்த்து வைத்தார்கள். ஈஸ்டருக்கு ஈஸ்டர் அது கொஞ்சம் எழும்பியிருக்கும். புல் வெட்டுகிறவர் மேலே ஏறி நின்று மிதித்துவிட்டு, அடுத்த கல்லறைக்குப் போவார்.