கலெக்டர் தூங்க ஓர் இலை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. இன்று காலை அம்மா போனில், "என்ன கண்ணு பண்ணிட்டிருக்கற?" என்றாள். "கதை எழுதறனுங்மா" என்றேன். உண்மையில் ஒரு மீன்தொட்டியை முறைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் குடும்ப குரூப்புக்காக இந்தக் கதை.

2

நிக்டியில் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த...

(வேண்டாம். மழையே இல்லை.)

தனிமையில் வாடிய விச்சு...

(இதுவும் வேண்டாம். அம்மா அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவாள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். விச்சு கோவைக்காரன். புனேயின் நிக்டி பகுதியில் வாடகை அறை, ஐடி வேலை. அங்கே அவனோடு தமிழில் சாப்பிடும் ஒரே ஜீவன், ஆபீஸ் தோழி தீப்தி. பத்து நாள் ஊருக்குப் போனவள் தன் பெட்டா மீனை அவனிடம் விட்டுப்போனாள். நீல வால், அதிகார நடை. பெயர் கலெக்டர்.

"இலை மேல சாஞ்சுதான்டா தூங்குவான். உயிருள்ள செடியா ஒண்ணு வாங்கி வை. அவனுக்கு ஏதாவது ஆச்சு, லஞ்சுக்கு என் டேபிள் பக்கமே வராத!"

(விச்சு நான் இல்லை. அவன் கண்ணாடி போட்டவன். நான் இதைச் சொல்வதற்காகக் கழற்றி வைத்திருக்கிறேன்.)

3

புனே கேம்ப் பகுதியில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் ரவிசந்திரன், கட்கி பகுதியில் பல காலமாக வாழும் தமிழர். ஒன்பது நாள் தள்ளிப்போட்டு நேற்றுதான் போன விச்சு எடுத்த பிளாஸ்டிக் செடியை வெடுக்கென்று பிடுங்கினார்.

"அரே, இது வாலக் கிழிச்சிடும்பா. இந்த ஜாவா ஃபெர்ன் செடிய எடு. வெளிச்சம் கம்மின்னாலும் சலேகா, தாங்கிடும். மண்ணுல புதைச்சிடாத, அழுகிடும். கல்லுல நூல் போட்டுக் கட்டு."

"கழுவோணுங்களா?"

"பின்ன? நத்தை முட்டை இருக்கும். நல்லா கழுவு."

எதில் கழுவுவது என்று அவரிடம் கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். விச்சு அதைக் கோவை வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டான்.

4

(இந்த இடத்தில் பயந்துபோய், யோசனை சொன்னது அத்தை என்றுதான் முதலில் எழுதினேன். அத்தையும் குரூப்பில் இருக்கிறாள். ஆகவே உண்மை.)

"கல்லுப்பும் மஞ்சத்தூளும் போட்டு அரை மணி நேரம் ஊற வை கண்ணு" என்றாள் அம்மா விசாலாக்ஷி.

"அம்மா, இது கீரை இல்லீங்மா."

"பச்சையா இருக்குதல்ல? அப்பக் கீரைதான்."

ஊறவைத்தான். ஒரே ஒரு தரம் அலசினான். கல்லில் கட்டி இறக்கினான். தொட்டி மெல்ல மெல்ல ரசமாயிற்று. கலெக்டர் ஒரு சுற்று வந்து பார்வையிட்டுவிட்டு, இலைக்குப் பின்னால் போய் மறைந்தார். மூன்று முறை பாதித் தண்ணீரை மாற்றியும் வெளியே வரவில்லை.

5

கையிருப்பில் உள்ள முடிவுகள்:

இன்று ஊரிலிருந்து தீப்தி வருகிறாள். கலெக்டர் இலை மேல் சாய்ந்து சுகமாகத் தூங்குகிறார். (நானே நம்பவில்லை.)

விச்சு ஓடிப்போய் இன்னொரு நீல மீன் வாங்கி... (பத்து நாளாகப் பார்க்கிறேன், அந்த முறைப்பு வேறு மீனுக்கு வராது. மாட்டிக்கொள்வான்.)

கலெக்டர் மிதந்...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது.)

வாசலில் பெல் அடிக்கிறது, தீப்திதான். இலைக்கு வெளியே நீல வால் நுனி தெரிகிறது. அசைகிறதுதான். அவராக அசைக்கிறாரா, தண்ணீர் அசைக்கிறதா, தெரியவில்லை.

இனி முடிவு உங்கள் கையில், குடும்பத்தாரே. ஒரே நிபந்தனை: மீனைக் கொல்கிறவர் யாரோ, அவரே வாசலில் நிற்கும் தீப்திக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

அம்மா, நம்பர் அனுப்பியிருக்கிறேன்.