கணக்கு வாத்தியார் மகளின் தலையில் கேட்ட வயலின்

பள்ளியில் பாட்டு வகுப்பை ரத்து செய்த வாரத்தில், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தலைக்குள்ளிருந்து வயலின் சத்தம் வந்தது. கணக்குப் போடும்போது தொடங்கும். விடை வந்ததும் நின்றுவிடும். அவள் கணக்கு வாத்தியாரின் மகள் என்பதுதான் சங்கடம். பாட்டால் மூளைக்குப் பைசா பிரயோசனம் இல்லை என்று அடித்துப் பேசி, அந்த நேரத்தைத் தன் பாடத்துக்கு வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

"வாயை மூடு" என்று அதட்டினார்.

"மூடிக்கிட்டுத்தான்பா இருக்கேன்."

அரையாண்டுக்குள் பாதி வகுப்புக்குத் தொற்றிவிட்டது. ஒரு தலையில் புல்லாங்குழல், இன்னொன்றில் டிரம். நிர்வாகம் வரவழைத்த மூளை நிபுணர், பிள்ளைகளின் நெற்றியில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, சொந்தமாக யோசித்தால் சத்தம் வருகிறது, மனப்பாடமாக ஒப்பித்தால் வருவதில்லை என்றார். நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டதில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். யோசிக்க வைக்கும் கேள்விகளைப் பாடத்திலிருந்து உடனே நீக்கினார்கள். சத்தமே வராத பிள்ளைகளுக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட தலைமையாசிரியையின் தலையும் நிசப்தமாகவே இருந்தது.

வாத்தியார் மகள் மட்டும் அடங்கவில்லை. கேள்வி கொடுக்காவிட்டால் தானே ஒன்றை உண்டாக்கிக்கொண்டாள்.

"பொண்ணை வேற ஸ்கூல்ல சேர்த்துடுங்க சார். இவளால மத்த பிள்ளைங்களும் கெட்டுப்போகுதுங்க" என்றார் தலைமையாசிரியை.

வாத்தியார் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். விஷயத்தை எப்படிச் சொல்வதென்று அவர் விழித்துக்கொண்டு நிற்க, மகள் தரையில் வரைந்திருந்த கோணல்மாணலான உருவத்தைக் காட்டினாள்.

"இதுக்குப் பரப்பளவு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

அது எந்த நோட்ஸிலும் இல்லாத கணக்கு. இத்தனை வருட சர்வீசில் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை கடைசிப் பக்கத்தில் தயாராக இருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். வியர்த்தது. வெட்கமாகவும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய காதுக்குப் பின்னால் துருப்பிடித்த கதவுக் கீல் போல ஏதோ முனகி, மெல்ல ஆர்மோனியமாகத் திரண்டது.

"அப்பா, உங்களுக்கும் வருது!"

"பேசாம இரு, சுருதி விட்டுடும்."

மறுநாள், மகள் எங்கும் போகமாட்டாள் என்று சொல்லிவிட்டு, விடை தெரியாத அந்தக் கணக்கையே கரும்பலகையில் எழுதிப் போட்டார். எல்லாத் தலைகளும் ஒன்றாக வாசிக்கத் தொடங்கியதில் கட்டடமே அதிர்ந்தது. அவருக்கு மெமோ வந்தது. கூடவே, வெளியிலிருந்து வந்த யோசிக்க வைக்கும் கேள்வித்தாளோடு பரீட்சையும் வந்தது. பரீட்சை ஹாலில் பார்த்து எழுதுகிற தலை, பக்கத்துத் தலையின் மெட்டையே இரவல் வாங்கி வாசித்தது; இரண்டு தலைகளில் ஒரே மெட்டு கேட்டால் காப்பி அடிக்கிறார்கள் என்று அர்த்தம். கண்காணிப்பாளர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துவிட்டார்கள். அதன் பிறகுதான், கல்விக்கு இசை அவசியம் என்பதை நிர்வாகம் முழுமனதாக ஒப்புக்கொண்டது.