சம்மட்டி அடித்த கப்

அந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டிய அத்தனை பேருடைய தலையும் இடது தோள் பக்கம் சாய்ந்திருந்தது. காரணம் சின்னதுதான். சைக்கிளின் முன்குழாயில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புக் கிண்ணங்கள் இறுக்கமாக உட்கார வேண்டும். கடைகளில் கப் என்பார்கள். அவற்றுக்குள் பால்ரஸ் குண்டுகள் உருண்டால்தான் ஹேண்டில் திரும்பும். தெருவிலிருந்த ஒரே சைக்கிள் கடைக்காரன் அந்தக் கப்புகளை மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தே இறக்குவான். அவனுக்குச் சம்மட்டி என்று பெயர் வைத்தார்கள். அந்த அறிவாளி அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு கடைப் பலகையில் பெரிதாக எழுதியும் வைத்தான். அவன் அடித்த கப் ஒருநாளும் நேராக இறங்கியதில்லை, இடப்பக்கம் ஒரு நூல் கூடுதலாகப் போய்விடும். அந்த வண்டியை ஓட்டியவனுக்கு வாரம் முடிவதற்குள் கழுத்தும் அதே அளவு சாய்ந்துவிடும்.

முதலில் சாய்ந்தவர் பள்ளி ஆசிரியர். அவர் மருத்துவரிடம் போனார். மருத்துவரும் அதே கடை வண்டியில் வருகிறவர் என்பதால், உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாம் நேராகத்தான் இருக்கிறது, தைரியமாகப் போங்கள் என்று அனுப்பிவைத்தார். முடி வெட்டுகிறவர் கிருதாவைச் சாய்வாக வெட்டப் பழகினார். படம் எடுக்கிறவர் கேமராவைச் சாய்த்துப் பிடித்தார். கொத்தனார் தன் கண்ணுக்கு நேராகச் சுவர் எழுப்பினார், வீடுகள் இடப்பக்கம் சாய்ந்தபடி வளர்ந்தன. புதிதாக ரோடு போட வந்தவர்கள்கூடத் தெருக்காரர்களைக் கேட்டே மட்டம் பார்த்தார்கள். கழுத்தை நிமிர்த்துவதைவிட ஊரைச் சாய்ப்பது சுலபம் என்று கண்டுகொண்ட மூளைகள் அவை. மழை பெய்தால் இடப்பக்கத்து வீடுகளுக்குள் மட்டும் தண்ணீர் புகுந்தது. அதற்கு அவர்கள் மழையைத் திட்டினார்கள்.

தெருவில் கழுத்து நேராக நின்றது ஒருத்திக்குத்தான், அதுவும் சம்மட்டியின் மனைவிக்கு. ஊருக்கெல்லாம் வண்டி மாட்டியவன் கட்டியவளுக்கு ஒரு வண்டி கொடுக்கவில்லை, அதனால் அவள் தப்பித்தாள். ஆனால் தெரு அதை அப்படிப் பார்க்குமா? "நேரா பாக்குறா பாரு, என்ன திமிரு" என்றார்கள். விருந்தாளிகள் வரும்போது கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் குறைந்தா போய்விடுவாய் என்று நாத்தனார் கேட்டாள். அவளுக்கோ வேறு கவலை. மேட்டுக்கு அப்பாலிருந்த தையல் ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நடந்து போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். இன்னொரு தடவை தாமதமானால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். கடையின் மூலையில் கப் இல்லாமல் ஒரு பழைய லேடீஸ் வண்டி கிடந்தது. அதைக் கேட்டாள்.

"அதுக்கென்ன, இப்பவே கப் அடிச்சுத் தர்றேன்" என்று சம்மட்டி சுத்தியலை எடுத்தான்.

"அடிக்கக் கூடாதுங்க. வேலையும் வேணும், கழுத்தும் வேணும்."

சம்மட்டியின் ரோஷம் ஊர் பார்த்த ரோஷம்தான். முன்பு ஒரு வியாபாரி, கப்பை அடிக்காமல் திருகி இறக்கும் பளபளக்கும் கப் பிரஸ் ஒன்றை அவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். அதன் தட்டு இந்தக் கப்புக்குப் பொருந்துமா என்று பார்க்கிற பொறுமை இவனுக்கு ஏது? பால்ரஸ் ஓடுகிற தடத்தின் மேலேயே தட்டை வைத்துத் தம் பிடித்து இறுக்கினான். தடம் பள்ளம் பள்ளமாகப் போயிற்று. அந்த வண்டியை வாங்கிய தையல்காரருக்கு அன்றிலிருந்து தலை வழவழவென்று திரும்பாது. டக், டக் என்று ஒவ்வொரு பள்ளமாக விழுந்து விழுந்துதான் திரும்பும், சந்தில் வருவது யார் என்று பார்ப்பதற்குள் வந்தவர் போயிருப்பார். கருவியே தண்டம் என்று தீர்ப்புச் சொல்லி, சம்மட்டி அதில் தன் சட்டையை மாட்டிவைத்தான். இப்போது அதைத்தான் எடுத்து மனைவியின் முன்னால் போட்டான். "சுத்தியல் வேணாம்னா இந்தா, இதுல மாட்டிக்க."

அவள் அதைத் தொடவில்லை. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தன் தம்பியை வரச் சொன்னாள். அவன் கப்பை அளந்துகொண்டு போய், உடல் முழுக்க மரை வெட்டிய ஒரு நீளக் கம்பியும், இரண்டு நட்டும், படி வைத்துக் கடைந்த இரண்டு தட்டுகளும் கொண்டுவந்தான். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத சாமான்.

"அக்கா, தட்டு விளிம்புல மட்டும்தான் உக்காரும், உள்ள தடத்துல படாது. ரெண்டு கப்பையும் ஒண்ணா இறுக்கிடாத. ஒண்ணு முழுசா உக்காந்த பிறகு அடுத்தது."

சம்மட்டி வாசலில் நின்று சிரித்தான். "ஒரே அடியில முடியிற வேலை. அதுக்கு அக்காளும் தம்பியும் அளவெடுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அவள் முன்குழாயின் உள்பக்கத்தைத் துடைத்து கிரீஸ் தடவினாள். மேல் கப்பை வைத்து, தட்டைப் பொருத்தி, ஸ்பேனரைக் கொஞ்சமாகத் திருப்பினாள். கண்ணை விளிம்போடு வைத்துச் சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் தளர்த்தி, சரிசெய்து, மறுபடி இறுக்கினாள். சம்மட்டியும் பக்கத்தில் வந்து பார்த்தான், அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சாய்ந்த தலைக்குச் சாய்ந்த கப் நேராகத்தானே தெரியும்? அந்தத் தெருவில் கோணலைப் பார்க்க முடிந்த ஒரே கண் அவளுடையது. அப்புறம் கீழ்க் கப்பும் இடுக்கில்லாமல் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலை அவள் அந்த வண்டியில் ஏறினாள். ரோடு இடப்பக்கம் சரிந்திருந்தது, வண்டி சரிய மறுத்தது. நாலு வீடு தாண்டுவதற்குள் சக்கரங்கள் ரோட்டை விட்டுவிட்டன. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அவள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போனாள், கதவு சாத்துவதற்கு முன்பே ஆலைக்குள் இருந்தாள். தெருவுக்கு வியப்பு வரவில்லை, கோபம் வந்தது. "அப்புறம் ரோடு எதுக்குப் போட்டிருக்கு?" என்று ஆசிரியர் கேட்டார். இப்படியே போனால் டயர் தேயாது, கடையை மூட வேண்டியதுதான் என்று சம்மட்டி கவலைப்பட்டான்.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தாழிட்டுவிட்டுத் தன் வண்டியை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் கோணல் கப்புகளைக் கழற்றிப் புதியவற்றைக் கம்பியால் இறக்கினாள். கீழ்க் கப் உட்கார்ந்த அதே கணத்தில் அவன் கழுத்து மளுக்கென்று நிமிர்ந்தது. அவன் சுவரைப் பார்த்தான், ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தான், தன் கடைப் பலகையைப் பார்த்தான்.

"இத்தனை வருஷமா இப்படியா அடிச்சிருக்கேன்?"

"ஆமாங்க."

"வெளிய சொல்லிடாத."

மறுநாள் கடை திறந்ததும் வந்த முதல் வாடிக்கையாளர், "என்னப்பா, கழுத்து கோணிக்கிச்சு?" என்று பதறினார். ஒரு மனிதன் மனிதனாக இருக்கக் கிடைத்த வாய்ப்பு அது. சம்மட்டி உடனே தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு சுத்தியலை எடுத்தான். அன்றிலிருந்து கடையில் சாய்த்துக்கொள்வதும் வீட்டுக்குள் வந்து நிமிர்த்திக்கொள்வதும் அவனுக்கு வழக்கமாயிற்று. சாயங்காலம் கழுத்து வலிக்கிறது என்று தைலம் கேட்பான். அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்பாள்.

இப்போது அவள் போகும்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தெருவின் குறுக்கே துணி காயப்போடும் கொடிகளில் மட்டும் ஆரம்பத்தில் கொஞ்சம் தகராறு இருந்தது. அந்த உயரத்தில் வருகிறவள் கழுத்தைச் சற்றுச் சாய்த்தால் கொடிக்கு அடியில் போய்விடலாம். அவள் சாய்க்கவில்லை. துணியெல்லாம் கீழே விழுந்து அழுக்காகிறதே என்று, இப்போது எல்லோரும் கொடியை உயர்த்திக் கட்டுகிறார்கள்.