அஸ்லாக் ஹோவ்டன் நனையாத வரலாறு

1951ஆம் ஆண்டு கிரிம்ஸ்விக் நகராட்சி மன்றத்துக்கு இடதுசாரிக் கட்சியின் சார்பில் அஸ்லாக் ஹோவ்டன் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள் காலையிலிருந்து அவர் மேல் மழை பெய்வது நின்றுபோனது. நார்வேயின் மேற்குக் கரையில், ஆண்டில் முக்கால்வாசி நாள் நனைந்தே கிடக்கும் ஊரில், அவரைச் சுற்றி நாற்பது தப்படி தூரத்துக்கு ஒரு சொட்டுகூட விழவில்லை. நகராட்சிப் பொறியாளர் கயிறு பிடித்து அளந்து கோப்பில் குறித்து வைத்தார். அஸ்லாக் தூங்கினால் மட்டும் அந்த வட்டம் மூடிக்கொள்ளும். அவர் வீட்டுக் கூரையில் மழை கொட்டினால் மனிதர் கண்ணயர்ந்துவிட்டார் என்று அண்டை வீட்டார் தெரிந்துகொண்டார்கள். இதில் கடவுளின் பங்கு என்ன என்று பாதிரியார் சில வாரம் யோசித்தார். வாய்த்தது ஓர் இடதுசாரிக்கு என்பதால் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்.

கப்பல் முதலாளி ஈவெர் தாங்கன் தன் மீன் காயவைக்கும் முற்றத்தில் வந்து சும்மா உட்கார்ந்தால் மாதச் சம்பளம் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். வானம் பொதுச்சொத்து என்று சொல்லி அஸ்லாக் அதை மன்றத்தில் தீர்மானமாகவே கொண்டுவந்தார். வீட்டுக்கு மூன்று நாள் என்று முடிவாகி, ஜெபக்கூடத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். முதலாளிக்கு ஏழாம் எண் விழுந்தது, அஸ்லாக்கின் மனைவி குன்வோருக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு. வலை பின்னிப் பிழைக்கிற அஸ்லாக் அன்றிலிருந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி வைக்கோல் காய்ந்தது, கூரைகள் செப்பனிடப்பட்டன. கூலி வாங்கமாட்டார், காப்பியும் வாஃபிள் பணியாரமும் மட்டும் எடுத்துக்கொள்வார். அதில் வயிறு நன்றாகவே முன்னேறியது. மே தின ஊர்வலத்தில் வலதுசாரிகளும் ஈரத்துணிக் கூடையோடு கலந்துகொண்டார்கள். செங்கொடிகளுக்கு நடுவே முதலாளியின் கம்பளி உள்ளாடைகள் பறந்ததைக் கட்சிப் பத்திரிகை பெருந்தன்மையோடு எழுதாமல் விட்டது.

அவர் சொந்த வீட்டின் வடக்குச் சுவர் மட்டும் சாயம் உதிர்ந்து பச்சை பிடித்துக் கிடந்தது. சாயம் பூச மூன்று காய்ந்த நாள் வேண்டும். அஸ்லாக்கோ விடிந்தால் போய், சாப்பிட்டுத் தூங்கத்தான் வீட்டுக்கு வந்தார்.

“அந்தப் பாசியில ஆடு மேய்க்கலாம் போல இருக்கு,” என்றாள் குன்வோர்.

“வரிசைன்னா வரிசைதான், குன்வோர்.”

“பொண்டாட்டிக்குமா?”

“பொண்டாட்டிக்குத்தான் மொதல்ல.”

குன்வோருக்கு வேண்டியிருந்தது சுவர் மட்டுமல்ல. புருஷன் மூன்று நாள் தன் முற்றத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதினாறு வருடம் போனது. கோடை குறுகியது, மன்றக் கூட்டங்கள் நீளமானவை. ஆண்டுக்குப் பன்னிரண்டு வீடு முடிந்தாலே பெரிது என்று நகர்ந்து, வரிசை நூற்று எண்பத்தெட்டுக்கு வந்திருந்தது. அடுத்த வசந்தத்தில் குன்வோரின் முறை. அந்த நேரம் பார்த்துக் கட்சி அஸ்லாக்கை நகரத் தலைவர் பதவிக்கு முன்னிறுத்தியது. ஊரே கைதட்டியது, வீட்டுக்குப் போய் யோசித்தது. தலைவர் என்றால் காலை முதல் மாலைவரை நகராட்சிக் கட்டடத்தில் உட்காரவேண்டும். புதுக் கூரை போட்ட கட்டடம் அது, அதற்கெதற்குக் காய்ந்த வானம்? வரிசை அங்கேயே நின்றுவிடும். ஆனால் இத்தனை நல்ல மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், ஓட்டு உனக்குத்தான் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். குன்வோரும் அதையே சொன்னாள்.

அந்தத் தேர்தலில் ஒரு வழக்கம் இருந்தது. கட்சியின் வாக்குச்சீட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனவர், பிடிக்காத பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, அதே பட்டியலில் இன்னொரு பெயரை மறுபடி எழுதி அதற்கு ஓட்டுக் கூட்டலாம். ஆள் பற்றாமல் கடைசி இடத்தில் மனைவிமார் பெயரைப் போட்டு நிரப்புவதும் வழக்கம்தான். அங்கே குன்வோர் இருந்தாள்.

மாலையில் பள்ளிக்கூடத்தில் எண்ணி முடித்ததும் எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். இடதுசாரிச் சீட்டுகள் நானூற்று இரண்டு. அவற்றில் அஸ்லாக் ஹோவ்டன் பெயர் அடிக்கப்பட்டவை நானூற்று இரண்டு. குற்ற உணர்ச்சியில், கௌரவம் அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று முக்கால்வாசிப் பேர் குன்வோர் பெயரை எழுதியிருந்தார்கள். ஆக, பட்டியலில் அதிக ஓட்டு வாங்கிய அவள்தான் தலைவர். கூடத்தில் எல்லோரும் தத்தம் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அஸ்லாக்கும் குன்வோரும் மழைக்கு நடுவே நனையாமல் வீட்டுக்கு நடந்தார்கள். படகுத்துறை தாண்டியதும் குன்வோர் நடையைத் தளர்த்தினாள்.

“என் சீட்டு ஒண்ணுதான் அப்படி இருக்கும்னு நெனச்சேன்,” என்றாள். “உன்னை அவமானப்படுத்தணும்னு இல்ல.”

“தெரியும்.”

அவள் இன்னும் பத்தடி நடந்தபிறகு கணக்கு உறைத்து நின்றாள். “நானூத்தி ரெண்டுமேன்னா... நீயுமா அடிச்ச?”

“உன் நம்பரை முன்னால இழுக்க எனக்கு உரிமையில்ல,” என்றார் அஸ்லாக். “திரைக்குப் பின்னால பென்சில் கெடந்துச்சு.”

குன்வோர் அழுதாள். எதிரே வந்தவர்கள் அவள் கன்னத்தில் ஈரத்தைக் கண்டு, வட்டத்துக்குள் எப்படி மழை பெய்தது என்று ஒரு வாரம் விவாதித்தார்கள்.

ஏப்ரலில், நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வீட்டுக்குப் பிறகு, முறைப்படி அவள் முறை வந்தது. நகரத் தலைவர் மூன்று நாள் விடுப்பு எடுத்துச் சுவருக்கு வெள்ளைச் சாயம் பூசினார். அவர் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முந்தின வாரமே, மன்றத்தில் வலதுசாரி உறுப்பினரான கப்பல் முதலாளி ஹோவ்டன் வீட்டைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். சம்பந்தப்பட்டவர் வெளியே போகவேண்டும் என்பது சட்டம். குன்வோர் எழுந்து தாழ்வாரத்தில் போய் நின்றாள். அவள் இல்லாத நேரத்தில் மன்றம் ஹோவ்டன் வீட்டுக்கு நான்காவது நாள் ஒன்றை ஒருமனதாக ஒதுக்கியது. நான்காம் நாள் சுவர் காய்ந்துவிட்டது, வேலை எதுவும் பாக்கியில்லை. இருவரும் காலை நீட்டிப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது தப்படிக்கு அப்பால் மழை பெய்துகொண்டிருந்தது.