நைட்டிக்காரி

ரஞ்சிதம் நுழைந்த தெருவில் சாவு விழும் என்று செஞ்சிக்கு மேற்கே நாலைந்து ஊர்களில் பேச்சு. பேசுகிற வாய்க்கு என்ன, வலிக்கவா போகிறது?

அவள் செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்பிக்கை மையத்தின் களப்பணியாளர். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்தவர்கள் திடீரென்று நின்றுபோனால் தேடிப் போவது அவள் வேலை. ஆஸ்பத்திரிக்காரி என்று சொல்லிக்கொண்டு போனால் அந்த வீட்டு மானம் அன்றைக்கே சந்தி சிரித்துவிடும். அதனால் தோளில் ஒரு பை நிறைய நைட்டி. நைட்டி விற்கிறவளை ஏன் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. வேலையில் சேர்ந்தபோது அவளும் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கு அந்த நோய் இல்லை.

மாத்திரையை விட்டவர்களைத் தேடித்தானே போகிறாள், அவர்களில் சிலர் நோய் முற்றிப்போய்ச் செத்தார்கள். ஊருக்கு அதெல்லாம் தெரியுமா? நைட்டிக்காரி வந்தாள், பின்னாலேயே பிணம் விழுந்தது, அவ்வளவுதான் கணக்கு.

கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவளையே, பச்சமுத்து செத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அவன் லாரி டிரைவர். எப்போது போனாலும், "எனக்கு ஒரு லுங்கி காட்டுக்கா" என்று கிண்டல் செய்வான். மாத்திரையை மட்டும் கையில் வாங்க மாட்டான். இப்போது ஆளில்லாத ரோட்டில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கிறது. திரும்பினால் யாருமில்லை. தங்கைக்குக் குழந்தை பிறந்து மாதக்கணக்காகிறது, ரஞ்சிதம் இன்னும் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. எதைக் கூட்டிக்கொண்டு போவோமோ என்று பயம்.

அந்த நேரத்தில்தான் மையத்துக்கு மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்த வளர்மதி வராமல் நின்றாள். எட்டாம் மாதம். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் பரிசோதனையில்தான் அவளுக்குத் தெரிந்தது. புருஷன் விமல்ராஜுக்கும் அதே நோய். பெங்களூரில் வேலை பார்த்தபடி அங்கேயே மாத்திரை சாப்பிடுகிறான். மாமியார் ரத்தினம்மாளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. வயிறு இறங்கிவிட்டது, இனி பஸ் ஏறக் கூடாது என்று அவள் தடுத்துவிட்டாள். இருந்த மாத்திரை தீர்ந்துபோனது, போனையும் யாரும் எடுக்கவில்லை. மாத்திரை விடாமல் உள்ளே போனால் குழந்தை நோயில்லாமல் பிறக்கும் என்று நம்பலாம். விட்டால் அந்தப் பிஞ்சின் ரத்தத்திலும் ஏறிவிடலாம். ரஞ்சிதம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.

பையில் இரண்டு மாத்திரை டப்பாக்கள். ஒன்று வளர்மதிக்கு, மற்றது அடுத்த ஊரில் ஒருவருக்கு. எந்த வீட்டின் மேலும் கண் விழக் கூடாதென்று தெரு முனையிலிருந்து ஒரு வீடு விடாமல் கடை விரித்தாள். சில பெண்கள் வாங்கவும் செய்தார்கள். ரத்தினம்மாள் வீட்டு வாசலில், டப்பாவை வைத்துச் சுருட்டியிருந்த நீல நைட்டியை எடுத்து வளர்மதியிடம் நீட்டி, அளவு சரியா என்று உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னாள். வாங்கிய வளர்மதியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு ஒன்றும் தெரியாதவள்போல உள்ளே போனாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு மருமகள் வந்தாள். அவள் பிறந்தது பச்சமுத்துவின் ஊர்.

"இவ எங்க ஊருக்கும் வருவா. பச்சமுத்து வூட்டுக்குத்தான் போவா. அவன் இன்னா நோயில செத்தான்னு எங்களுக்குத் தெரியும்" என்றவள் பையைப் பிடித்து இழுத்தாள். "இங்க யாரு வூட்டுக்கு வந்துகினு இருக்கிற, சொல்லு."

நைட்டிகள் சரிந்தன. வெள்ளை டப்பா உருண்டு தெரு நடுவில் போய் நின்றது. பெண்களின் கண்கள் ஒவ்வொரு வாசலாக மேய்ந்து, வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கும் வாசலில் வந்து நின்றன. யோசிக்க நேரமில்லை. ரஞ்சிதம் குனிந்து டப்பாவை எடுத்தாள், ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள்.

"இது என்னுது. எனக்குத்தான் அந்த நோவு. வயித்துப் பாட்டுக்கு நைட்டி விக்கிறன்."

கூடியிருந்தவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். வாங்கியவர்கள் நைட்டியைக் குச்சியால் எடுத்து வந்து அவள் காலடியில் போட்டார்கள். ரத்தினம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அத்தக் கொண்டாந்து வெளிய போடுடி."

வளர்மதி வந்தாள். ரஞ்சிதத்தின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நீல நைட்டியை வீசினாள். ரஞ்சிதம் எடுத்துப் பையில் திணிக்கும்போது கை அறிந்தது. நைட்டியில் துணியின் கனம் மட்டும்தான் இருந்தது. டப்பா உள்ளேயே தங்கிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. செய்தி அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறியிருந்தது. செஞ்சிக் கோட்டை மலை கண்ணில் படும்வரை அந்தக் காலி சீட்டில் பச்சமுத்து உட்கார்ந்து வந்தான். லுங்கி கேட்கவில்லை.

வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். தங்கை போன் செய்து, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே என்றாள். தானாகப் போகாதிருந்த வீடுதான். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டு ரஞ்சிதம் வாய்விட்டு அழுதாள். தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? காட்டினால், அப்படியென்றால் அந்த மாத்திரை யாருடையது என்று அடுத்த கேள்வி வருமே. சீட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஊர்களுக்குப் போக மையத்தில் வேறு ஆளை அனுப்பினார்கள்.

வளர்மதிக்குப் பெண் குழந்தை. முதல் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்ததை மையத்தில் சொன்னார்கள்.

சில வாரம் கழித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ரஞ்சிதம் அவளைப் பார்த்தாள். தோளில் குழந்தை, சுற்றிலும் அந்தத் தெருப் பெண்கள். வளர்மதி கண்டுகொண்டு ஓரடி முன்னால் வைத்தாள். ரஞ்சிதம் வராதே என்று தலையசைத்தாள். வளர்மதி நின்றாள். பிறகு பஸ் பார்ப்பவள்போல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

அப்படித் திரும்பியதில், தோளில் கிடந்த குழந்தையின் முகம் முழுசாக ரஞ்சிதத்தின் பக்கம் வந்தது. பஸ் வரும்வரை வளர்மதி அசையாமல் அப்படியே நின்றாள்.

ரஞ்சிதத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சமுத்துவும் குழந்தையைப் பார்க்கட்டும் என்று சற்று ஒதுங்கி நின்றாள்.