ஒரே ஒரு ரீவைண்ட்

“புடுங்காதம்மா!”

அவன் போட்ட சத்தத்தில் அம்மாவின் கை ப்ளக்கின் மேலேயே நின்றுவிட்டது. கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒற்றைக் காலில் நின்றபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஃபேன் போடணும்டா.” விடியற்காலையிலிருந்து அழுததில் அம்மாவின் குரல் கம்மியிருந்தது. “வர்றவங்க வேர்வையில உக்காந்திருப்பாங்களா?”

“வேற எங்கயாவது போடு. இத மட்டும் தொடாத.”

“உங்கக்காவ ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னும் கொண்டு வரல,” என்றார் சித்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. “இன்னிக்கு ஒரு நாளாவது அந்தப் பொட்டிய மூடி வைக்கக் கூடாதா? பாக்கறவங்க என்ன பேசுவாங்க?”

மூலை மேசையில் மடிக்கணினி நேற்றிலிருந்து திறந்தே கிடந்தது. அதன் பேட்டரி உப்பிப்போய், கழற்றி எறிந்துவிட்டு, நேரடி மின்சாரத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ப்ளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அணைந்தால் அக்கா வைத்த கடைசி அடியும் போய்விடும். ஆட்டத்தை விட்ட இடத்திலேயே சேமித்துவைக்கும் வசதியை அவன் இன்னும் எழுதவில்லை.

“மொதல்ல அத எழுதுடா சோம்பேறி” என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். எழுதலாம் எழுதலாம் என்றே இருந்துவிட்டான்.

அவனும் அக்காவும் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்த அந்தக் கணினி விளையாட்டு இரண்டு பேருக்கானது. கட்டம் கட்டமாக ஒரு வீடு. உள்ளே சிவப்பு உடையில் ஒருத்தி, நீல உடையில் ஒருவன். மாற்றி மாற்றி நகர்த்தி இருவரையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆடுகிறவர் அடி எடுத்து வைக்கும்வரை அந்த வீட்டில் ஒரு தூசிகூட அசையாது. தப்பாக வைத்தால் தரை பெயர்ந்து வழி அடைபட்டுவிடும். அப்போது காலத்தைத் திருப்பி, வைத்த காலை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை தடவை என்பதில்தான் இருவருக்கும் சண்டை.

“ஆடறவன் பாவம்க்கா. இஷ்டத்துக்குத் திருப்பிக்கட்டுமே.”

“இஷ்டத்துக்குத் திருப்பலாம்னா எவன்டா யோசிச்சுக் கால வைப்பான்? ஒண்ணே ஒண்ணுதான். அதையும் கஞ்சன் காசு மாதிரி பொத்தி வெச்சுக்கணும்.”

அவள் சொன்னதுதான் சட்டம். புதிர்களை யோசிப்பவள் அவள். அவற்றை ஓடவைப்பது அவன் வேலை. ரத்தத்தில் நோய் வந்து படுத்த பிறகும் தலையணையில் சாய்ந்து கட்டம் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நேற்றுக் காலை கடைசிப் புதிரை இருவரும் ஆடிப் பார்த்தார்கள். மருந்து மயக்கமோ, விரல் நடுக்கமோ, தன் புதிரில் ஒருநாளும் மாட்டாதவள் சிவப்புக்காரியை மூலையில் கொண்டுபோய் நிறுத்தினாள். சுற்றிலும் தரை பெயர்ந்தது.

“மக்கு! சொந்த வீட்டுலயே வழி தெரியல பாரு!” அவன் கைதட்டிச் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். “ரொம்ப ஆடாத. ரீவைண்ட் மிச்சம் இருக்குல்ல? உன் முறைதானே, திருப்பு.”

“கெஞ்சு, திருப்பறேன்.”

“போடா.” கொஞ்சம் பொறுத்து, “மூச்சு ஒரு மாதிரியா இருக்குடா” என்றாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது செருப்பைக் கேட்டாள். திரும்பி வரும்போது வேண்டுமாம். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அம்மா இப்போது அவன் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டும் வருஷக்கணக்காக என்னத்தைக் கட்டிக்கொண்டு அழுகின்றன என்று அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

“இதுல அவ எது?”

“செவப்பு.”

“ஏன் மூலையில போய் நிக்கறா?”

“தப்பா வெச்சுட்டாம்மா.”

“திருப்ப முடியும்னு சொல்லிட்டிருப்பீங்களே?”

“ஒரு தடவ முடியும்.”

“அப்போ திருப்பேன்டா. தனியா நிக்குது புள்ள.”

அவன் விரல் விசைவரை போய் நின்றது.

“திருப்பினா, இந்த அடிய அவ வெக்கவே இல்லன்னு ஆயிடும்மா.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மின்விசிறியைத் தூக்கிச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதைச் சமையலறைக்குள் மாட்டினார். அங்கிருந்து கூடம்வரை வயர் எட்டவில்லை. ஆளில்லாத இடத்தில் அது சுற்றியது. கூடத்தில் வந்தவர்கள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார்கள்.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்து, ப்ளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தாள்.

“ஏன் அண்ணி மூலையில? முன்னாடி வாங்க,” என்றார் சித்தப்பா.

“இங்கயே இருக்கேன்.”

வாசலில் வண்டி வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்தார்கள். முன்னும் பின்னுமாகக் கால்கள் நெருக்கின. அம்மாவும் எழுந்தாள். எழுந்தவள் திரும்பி, நாற்காலியைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் நெருக்கித் தள்ளி, யார் காலும் வயரில் படாது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் வாசலுக்கு நடந்தாள்.